அவளுக்கும் அதே இடத்தில்

14 ஜூன் 2023, புதன்

வைகாசி முடியப்போகிறது, கடையில் கூட்டம் மட்டும் குறையவில்லை. திண்டிவனத்திலிருந்து வந்த கல்யாண வீட்டார் அலமாரியில் பாதியை இறக்க வைத்துவிட்டு, மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். முந்தியைத் தூக்கிக் காட்டும்போது ஜரிகை இரண்டிரண்டாகத் தெரிந்தது. கை நடுங்கியது. பில் போடும் ஷமீம் பானு அக்காவுக்கு எப்படித்தான் தெரிகிறதோ, எழுந்து வந்து, "தையலு, குந்து மொதல்ல" என்று தோளை அழுத்தி உட்கார வைத்து வாயில் சர்க்கரையைப் போட்டார்.

கல்யாணப் பெண்ணின் அம்மா, "சுகரா? இந்த வயசுலயேவா?" என்றாள். சிரித்து வைத்தேன். கணையத்தில் ஆபரேஷன் ஆனவள் என்று முன்பு ஒருத்தரிடம் சொல்லப்போய், "அது குடிக்கறவங்களுக்குத்தானே வரும்" என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதிலிருந்து சுகர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அகிலா கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள். ப்ளஸ் ஒன் சேர்ந்து முதல் வாரம். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. முழங்காலை மடக்கி, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு.

"இன்னாடி?"

"வயிறு வலிக்குதுமா."

"பீரியட்ஸா?"

"இல்ல."

"எங்க, காட்டு."

தொப்புளைக் காட்டுவாள் என்று நினைத்தேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே காட்டினாள். பிறகு அதே கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் வைத்தாள்.

அந்தக் கை போகும் வழி எனக்குத் தெரியும்.

இல்லை. பள்ளிக்கூட வாசலில் எதையாவது தின்றிருப்பாள். கேட்டேன், பஜ்ஜி என்றாள். பஜ்ஜிதான். பஜ்ஜியாகத்தான் இருக்கும்.

15 ஜூன்

காலையில் சரியாகிவிட்டது. இட்லியைத் தின்றுவிட்டு ஓடினாள். நான்தான் கிறுக்கச்சி.

2 ஜூலை, ஞாயிறு

செவிலிமேட்டில் அர்ஜுனன் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. வடை பாயசத்தோடு சாப்பாடு. நான் வழக்கம்போல் ரசத்தோடு எழுந்துவிட்டேன். அகிலா ஆசையாகச் சாப்பிட்டாள். பஸ்ஸில் வரும்போதே முகம் வெளுத்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் வீடு வரும்வரை நிமிரவில்லை.

எனக்கு ஆரம்பித்தபோது பதினாலு வயது. சாப்பிட்டதும் வரும். குனிந்தால் கொஞ்சம் குறையும். கேஸ் என்றார்கள், குடல்புண் என்றார்கள், பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறது என்றார்கள். ஓமத் தண்ணீரும் மந்திரித்த எலுமிச்சம்பழமுமாக எட்டு வருடம் ஓடிற்று. கடைசியில் அண்ணன்தான் வேலையைப் போட்டுவிட்டு சென்னைக்குக் கூட்டிப்போனார். படம் எடுத்துப் பார்த்தால் கணையத்தின் நாளம் முழுக்கக் கல். ஒரு சொட்டு சாராயம் பார்க்காத வயிற்றில் கல். நம்ம பக்கம் சிலருக்கு இப்படி வரும், காரணம் முழுசா தெரியாது என்றார் அந்த டாக்டர். நாளத்தை நீளவாக்கில் திறந்து, கல்லை எடுத்து, குடலைக் கொண்டுவந்து அதோடு தைத்தார்கள். 2005. மறு வருடம் கல்யாணம். அதற்கு அடுத்த வருடம் அகிலா.

இதையெல்லாம் இன்றைக்கு எதற்கு எழுதுகிறேன்?

9 ஜூலை

அகிலாவின் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "உனக்கு வந்துதே, அதுவா?"

"இல்ல" என்றேன். சட்டென்று சொன்னேன். அவர் தறி நாடாவை ஓட்டாமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு நெய்ய ஆரம்பித்தார்.

21 ஜூலை, வெள்ளி

ஸ்கேன். ஜெல் தடவியதும் கூச்சத்தில் சிரித்தாள் குழந்தை. ஸ்கேன் எடுத்த அம்மா முதலில் பேசிக்கொண்டேதான் எடுத்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"கணையத்துல கல் மாதிரி தெரியுதுமா. வீட்ல யாருக்காவது இருந்துதா?"

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

22 ஜூலை

என் உடம்பிலிருந்து. வேறு எங்கிருந்து வரும்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

சென்னை. அதே ஆஸ்பத்திரி, புதுக் கட்டடம். என்னை ஆபரேஷன் செய்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போது இருப்பவர் டாக்டர் கிறிஸ்டோபர். என் வயதுதான் இருக்கும். அகிலாவிடம் நேராகப் பேசினார், எங்களிடம் பேசி அவளுக்குக் கேட்கிற மாதிரி பேசவில்லை. அது பிடித்திருந்தது.

சர்க்கரை இப்போதைக்கு அவளுக்கு இல்லை. கல் ஒன்று பெரியது, மற்றவை சின்னவை. முதலில் ஆபரேஷன் இல்லாமல் முயன்று பார்க்கலாம், வெளியிலிருந்து அதிர்வு கொடுத்துக் கல்லை உடைத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்து, நாளத்துக்குள் சின்னதாக ஒரு ஸ்டென்ட் வைக்கலாம் என்றார். இவர் உடனே "அதுவே பண்ணிடுங்க சார்" என்றார். வயிற்றைத் திறக்கவேண்டாம் என்ற ஒன்றைத்தான் அவர் காதில் வாங்கினார்.

கிளம்பும்போது டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க கடைசியா செக்கப்புக்கு எப்ப வந்தீங்க?"

"வலி இல்ல சார். அதான் வரல."

"எத்தன வருஷமா?"

அகிலாவின் ஃபைலைப் பைக்குள் வைத்தேன்.

"உங்களையும் ஒரு தடவ ஸ்கேன் பண்ணணும். இந்த மாதிரி கணையத்த சும்மா விடக்கூடாது. பின்னாடி கட்டி கிட்டி வராம பாத்துக்கணும்."

கட்டி கிட்டி. அதென்ன கிட்டி. பஸ் முழுக்க அதே காதில் ஓடிற்று. முதலில் இவள். நான் அப்புறம்.

18 செப்டம்பர், திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு கொழுக்கட்டை தின்றாள். நானும் அவரும் டிவியைப் பார்க்கிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை!

17 அக்டோபர்

காய்ச்சல். வலி. ஸ்கூலிலிருந்து போன். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்து, "அம்மா, குத்துதுமா, பின்னாடி வரிக்கும் குத்துதுமா" என்றாள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதாம். மறுபடி சென்னை. மறுபடி அட்மிஷன். மறுபடி வெறும் வயிறு, குளுக்கோஸ் பாட்டில்.

24 அக்டோபர்

வேறு ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒண்ணு ரெண்டு தடவ மாத்திப் பாக்கலாம். ஆனா நாளம் ரொம்ப விரிஞ்சிருக்கு, தலைப் பக்கம் கல் கெட்டியா உக்காந்திருக்கு. என் அபிப்பிராயம், தள்ளிப்போடாம ஆபரேஷனே நல்லது."

வீட்டுக்கு வந்து, அகிலா குளிக்கப் போனதும் இவர் ஆரம்பித்தார்.

"வேணாம் தையலு. வயித்த கிழிக்க வேணாம்."

"கிழிக்கறதுன்னு சொல்லாதீங்க."

"வேற இன்னான்னு சொல்றது? உன்ன பாத்துக்கினுதானே இருக்கேன் இத்தினி வருஷமா. நீ வேர்த்துப்போயி கெடக்கும்போது வாயில சக்கர வெக்கறது யாரு? மெலிஞ்சது தெரியக்கூடாதுன்னு பொடவைய ரெண்டு சுத்து கூட சுத்திக்கினு கடைக்குப் போறியே, அது எனக்குத் தெரியாதா? எண்ணெ வாசன பட்டாலே பாத்ரூமுக்கு ஓடற. வலி போச்சு, சரி. மீதி?"

"வலி போச்சுல்ல?"

"மீதி இன்னான்னு கேக்கறேன். பதினாறு வயசுப் பொண்ணுக்கு அந்த மீதிய குடுக்கச் சொல்றியா?"

கோபத்தில் சொல்லவில்லை. அழுகிற குரலில் சொன்னார். குளியலறையில் தண்ணீர் சத்தம் எப்போது நின்றது என்று நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

12 நவம்பர், தீபாவளி

அகிலா பலகாரம் எதையும் தொடவில்லை. அவளுக்கென்று ஆவியில் வேகவைத்த இடியாப்பம். அவளுக்காக நாங்களும் அதையே. வெளியே சரம் வெடித்துக்கொண்டிருந்தது.

நான் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"டாக்டர் பர்சன்டேஜ் சொல்றாரு. அப்பா பேசறத கேட்டா பயமா இருக்குது. உன்ன மட்டும் யாரும் கேக்கலயேமா."

"என்ன இன்னா கேக்கணும்?"

"திரும்ப அந்த வயசுக்குப் போனா நீ ஆபரேஷன் பண்ணிப்பியா?"

கைத்துணியை அலசினேன். பிழிந்தேன். மறுபடி அலசினேன்.

"தெரியலடி."

"பதினெட்டு வருஷமா தெரியலயா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

13 நவம்பர்

தெரியலையா எனக்கு?

15 நவம்பர்

கடையில் இன்று ஒரே புடவையை இரண்டு தடவை மடித்துவிட்டு மறுபடி பிரித்தேன். முதலாளி பார்த்தார்.

பண்ணிக்கொள் என்று சொல்லி, நாளைக்கு அவள் என் மாதிரி நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி, அவள் கம்பியைப் பிடித்துக் குனிந்துகொண்டே காலம் தள்ளினால்? அந்தக் குனிவை நான் மறந்துவிட்டேனா? அதுவே தெரியவில்லை. வலியை நினைத்துப் பார்க்க முயன்றேன். வலித்தது என்பது ஞாபகம் இருக்கிறது. வலி ஞாபகம் இல்லை.

18 நவம்பர், சனி

என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அவளுக்கு என்ன பதில் சொல்வேன். இந்த ஒன்றுதான் இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடையில் ஷமீம் பானு அக்காவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ போய்ப் பாத்துட வேண்டியதுதான? நானும் வரேன். ஷிஃபா வீடு அங்கதான், மகளப் பாத்தாப்புலயும் ஆச்சு" என்றார். அவ்வளவு சுலபமாக.

22 நவம்பர், புதன்

சென்னையில் எனக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. இவரிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். ரத்தம் குழல் குழலாக எடுத்தார்கள். எலும்புக்குக்கூட ஏதோ படம். ரிசல்ட்டுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

25 நவம்பர்

முதுகில் இழுக்கிற மாதிரி இருக்கிறது. நேற்று இருந்ததா? முந்தாநாள்? பாத்திரம் தூக்கினதாலா? கட்டி என்றால் வலிக்குமா, வலிக்காதா?

எனக்குக் கட்டி என்று வந்தால் அகிலா என்ன நினைப்பாள். இந்த ஆபரேஷன் செய்துகொண்டால் கடைசியில் இதுதான் என்று நினைப்பாள். நான் சாவதைவிட அவள் அப்படி நினைப்பதுதான் — போதும். எழுதக்கூடாது இதை.

26 நவம்பர்

கார்த்திகை தீபம். விளக்கு வைத்தேன். ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை, வெறுமனே நின்றேன்.

28 நவம்பர், செவ்வாய்

கட்டி இல்லை.

அக்கா வெளியே பெஞ்சில் ஓதிக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, தைத்த இடத்தைக் காட்டினார். பதினெட்டு வருடமாகத் திறந்தபடி ஒழுங்காக இருக்கிறதாம். ஆனால் சுற்றியிருக்கும் கணையம் சுருங்கிவிட்டது. எலும்பு தேய்ந்திருக்கிறது. வைட்டமின் டி கிட்டத்தட்ட இல்லை.

"என்சைம் கேப்ஸ்யூல் எப்படி எடுத்துக்கறீங்க?"

"ராத்திரி ஒண்ணு சார்."

"காலைல? மத்தியானம்?"

"கடையில கஸ்டமர் முன்னாடி..." என்று இழுத்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அது மருந்துன்னு நெனைக்காதீங்க. உங்க கணையம் செய்யவேண்டிய வேலைய அது செய்யுது. ஒவ்வொரு தடவ சாப்பிடும்போதும், சாப்பாட்டு நடுவுலயே போடணும். நீங்க போடறது உங்களுக்குக் காணவே காணாது. அதான் எண்ணெய் சேரல, சதை புடிக்கல, எலும்பு தேயுது."

என் உடம்பு வாகு என்றல்லவா நினைத்திருந்தேன்.

பிறகு கேட்டேன். கேட்கத்தானே வந்தேன். "ஆபரேஷன் பண்ணதாலதானே சார் எனக்கு சுகர் வந்துது?"

"அப்படிச் சொல்லமாட்டேன். எட்டு வருஷம் கல்லோட இருந்தீங்க. அது உள்ள எரிச்சுக்கிட்டே இருந்திருக்கு. நாங்க திறந்தப்பவே பாதி போயிருந்துதுன்னு பழைய குறிப்புல இருக்கு. மீதியும் கொஞ்சம் கொஞ்சமா போச்சு."

"அப்போ அகிலாவுக்கு?"

"அவளுக்கு இன்னும் நல்லா வேலை செய்யுது. சுகரே வராதுன்னு வாக்கு குடுக்க என்னால முடியாது. வரலாம். ஆனா லேட்டா வரலாம். வலி போறதுக்கு வாய்ப்பு நல்லா இருக்கு, அதுவும் சீக்கிரம் பண்ணா. பத்துப் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வலி திரும்ப வரும், அதையும் மறைக்கல. வருஷா வருஷம் எங்ககிட்ட வரணும். உங்கள மாதிரி காணாம போகக்கூடாது."

வெளியே வந்து அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டேன். "இன்னாச்சு, இன்னாச்சு" என்று அவர் பதறினார். ஒன்றுமில்லை, நல்லதுதான் என்றேன்.

4 டிசம்பர், திங்கள்

புயல் மழை. கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது, அவருக்கும் வேலை இல்லை. மூன்று பேரும் ஒரே அறையில். இனி எப்போது இப்படிக் கிடைக்கும் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அகிலா, அன்னிக்கு கேட்டியே. பண்ணிப்பேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு வருஷம் காத்துக்கினு இருக்க மாட்டேன். அது மட்டுந்தான் மாத்துவேன்." ஸ்கேனுக்குப் போனதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லாமல் போனதற்கு அவர் முறைத்தார், பிறகு கேட்டுக்கொண்டார்.

"வலி போனது எப்ப தெரிஞ்சுது?" என்றாள் அகிலா.

"ஒடனே தெரியல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து ஒரு நாள் மத்தியானம் சாப்ட்டு, தட்டு கழுவிட்டு, துணி மடிச்சிக்கினு இருந்தேன். அப்பதான் தோணிச்சு, சாப்ட்டப்புறம் நான் பயப்படலியேன்னு. எட்டு வருஷத்துல மொத தடவ."

"மீதி?" என்றாள். அவள் அப்பாவின் வார்த்தை.

"மீதியும் உண்மைதான். உனக்கு நாலு வயசுல எனக்கு சுகர் வந்துது. உன்ன இடுப்புல வெச்சிக்கினே ரோட்ல குந்திட்டேன். வெளியூர் போனா மொதல்ல பாத்ரூம் எங்கன்னுதான் பாப்பேன். அது உனக்கு வராதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அதோட நான் வேலைக்குப் போறேன், உன்ன பெத்தேன், உங்கப்பாவோட சண்ட போடறேன். வலியோட நான் ஒண்ணுமே பண்ணல அகிலா. வலிய மட்டுந்தான் பாத்துக்கினு இருந்தேன்."

மழை கொட்டிற்று. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "தழும்பு ரொம்ப பெருசா இருக்குமா?" என்றாள்.

"என்னுது பாத்திருக்கியே."

"பாத்திருக்கேன். பரவால்ல. பண்ணிக்கலாம்."

அவர் எழுந்துபோய்த் தறிக்குழியிலிருந்து தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினார். கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, "நானும் கூடவே இருப்பேன். வெளியில நிக்க வெச்சிடாதீங்க என்ன" என்றார்.

10 ஜனவரி 2024, புதன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். காலையில் போனது. தள்ளிக்கொண்டு போகும்போது என் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நர்ஸ்தான் விரலைப் பிரித்தார்.

எங்க அம்மா இப்படித்தான் வெளிய குந்தியிருந்திச்சா அன்னிக்கு? நான் கேட்டதே இல்ல.

இன்னும் வரல.

இன்னும் வரல. இவர் மாடிப்படி ஏறி ஏறி இறங்குகிறார்.

நாலு மணிக்கு மேல். டாக்டர் வந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். நல்லபடியா முடிஞ்சுது என்றார். கல்லை ஒரு சின்ன டப்பியில் போட்டுக் காட்டினார். வெள்ளையாக, பவளப்பாறைத் துண்டு மாதிரி முள் முள்ளாக. இதா. இதுவா என் பிள்ளையைக் குத்திற்று.

15 ஜனவரி

பொங்கல். காய்ச்சல் ஏறுகிறது. தையலிலிருந்து கொஞ்சம் கசிவு, ட்யூபில் வருவதன் நிறம் சரியில்லை. மருந்தில் நின்றுவிடும் என்கிறார்கள். நின்றுவிடும் என்றால்? நிற்காவிட்டால்? இவர் என்னைப் பார்ப்பதே இல்லை. பண்ணிக்கோ என்று சொன்னது நான்.

16 ஜனவரி

அப்படியே இருக்கிறது.

17 ஜனவரி

இவரிடம், "என்ன திட்டிடுங்க, மனசுல வெச்சிக்காதீங்க" என்றேன். "பைத்தியமா நீ?" என்றார். "நான் உன்ன பாத்தா அழுதுடுவேன்னு பாக்கல. வேற ஒண்ணும் இல்ல." ஒரே டம்ளர் காபியை இரண்டாக ஊற்றிக் குடித்தோம்.

19 ஜனவரி, வெள்ளி

காய்ச்சல் இறங்கிற்று. "அம்மா, உன் தலைய வாரு, பாக்க சகிக்கல" என்றாள்.

3 பிப்ரவரி, சனி

வீடு. குழைய வடித்த சோறு, ரசம், நடுவில் கேப்ஸ்யூல். அவளுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. இப்போது நானும் ஒழுங்காகப் போடுகிறேன். அவள் முன்னால் போடாமல் இருக்க முடியுமா.

25 மார்ச், திங்கள்

பங்குனி உத்திரம். ஏகாம்பரநாதர் கோயில் கூட்டத்தில் போகவேண்டாம் என்று நான். போயே தீருவேன் என்று அவள். போனோம். திரும்பி வந்து தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். நான் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வலித்தால் எழுந்திருப்பாளே. தூங்குகிறாள். இருந்தாலும்.

17 ஆகஸ்ட்

"தெனமும் விரல்ல குத்தாதமா! டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவ போதும்னாரு!" நார்மல்தான். எத்தனை தடவை பார்த்தாலும் நார்மல்தான். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சுகர் பார்க்கிற மிஷினையே மாற்றிப் பார்த்தேன்.

சதை போட்டு ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது எனக்கு. அக்கா தையல் பிரித்துக் கொடுத்தார்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

காலையில் வயிறு என்றாள். நான் கேட்டு முடிப்பதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடிவிட்டேனாம். இங்கே பார்த்தார்கள், சென்னைக்குப் போனில் கேட்டார்கள். ரத்தத்தில் ஒன்றுமில்லை. பரீட்சைப் பயத்தில் சாப்பிடாமல் படித்ததால் வந்த கேஸ். நிஜமாகவே கேஸ்! சாயங்காலம் அவளுக்குப் போய்விட்டது. எனக்குத்தான் இன்னும் போகவில்லை.

டாக்டர் போனில் சொன்னார்: "இப்படி ஒவ்வொரு தடவையும் பயந்தா அவளுக்கு பயம் ஒட்டிக்கும். வலி வரலாம், போகலாம். ராத்திரி தூங்க விடாம, சாப்பிட விடாம நின்னா வாங்க."

முயற்சி செய்கிறேன். முடியவில்லை. முயற்சி செய்கிறேன்.

16 நவம்பர் 2025, ஞாயிறு

கையெல்லாம் நடுங்குகிறது. சர்க்கரை இல்லை, கோபம்.

அந்தக் கத்திரிப்பூ நிறப் புடவை. கல்யாணமான புதிதில் அவர் எனக்கென்று தனியாகப் பாவு போட்டு நெய்தது. காலேஜில் ஏதோ எத்னிக் டேயாம், அகிலா என்னைக் கேட்காமலே பீரோவிலிருந்து எடுத்து, அவள் கட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, யாரோ ஃப்ரெண்டுக்குக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு கேன்டீனில் போண்டா தின்றிருக்கிறது. முந்தியில் கையகலத்துக்கு எண்ணெய், அதற்கு மேல் தக்காளிச் சட்னி. மடித்து, ஒன்றும் நடக்காத மாதிரி, இருந்த இடத்தில் வைத்திருக்கிறாள்.

"இன்னாடி இது?"

"சாரிமா. வாஷ் பண்ணா போயிடும்."

"பட்ட வாஷ் பண்ணுவியா? பட்டுக்கடையில வேல பாக்கறவ பொண்ணு பேசற பேச்சா இது?"

"ஒரு பொடவைக்கு இவ்ளோ கத்துவியா?"

"கத்துவேன். பொய் வேற. மடிச்சி வேற வெக்கற. திமிரு ஏறிப்போச்சு உனக்கு."

"ஆமா திமிருதான்! நீ எப்பவாச்சும் அத கட்டறியா? பொணம் மாதிரி பொட்டியில வெச்சிருக்க!"

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் நின்று கத்தினேன், அவள் அந்தப் பக்கம் நின்று கத்தினாள். பக்கத்து வீட்டு இந்திராணி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

தறிச் சத்தம் நின்றது. அவர் வந்தார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் மனிதர்.

"இன்னா சிரிப்பு? நீங்க நெய்ஞ்ச பொடவ. கறைய பாருங்க."

"பாத்தேன். எவ்ளோ நாளாச்சு தையலு, இந்த வீட்ல ரெண்டு பேரும் இப்பிடி கத்தி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தறிக்குப் போய்விட்டார்.

அவருக்கென்ன. நாளைக்குக் கடையில் கறை எடுப்பவரிடம் காட்டவேண்டும். போகுமா என்று தெரியவில்லை. அவளுக்கு வெளியே தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைத்திருக்கிறேன், பசித்தால் வந்து எடுத்துக்கொள்ளட்டும். நானாகப் போய்ப் பேசமாட்டேன்.